போர்டில் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும் கர்னல்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. டிஎம்ஏ (சிபியுவைக் கேட்காமல் வன்பொருள் நேராக ராமில் எழுதும் முறை) வழியாகச் சென்சார் தரவை வாங்கும் ஒரு லினக்ஸ் டிரைவர் எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்86 கியூஎமுவில், அதாவது ஒரு கணினியைப் போல நடிக்கும் மென்பொருளில், நாள்கணக்கில் ஓடுகிறது. அதையே 64 பிட் ஆர்ம் போர்டில் ஏற்றினால் மூன்று நான்கு மணி நேரத்தில் கர்னல் பேனிக் ஆகிறது, அதாவது இயங்குதளத்தின் மையமே தொடர முடியாமல் நின்றுவிடுகிறது. ஒரு தடவை ஃபைல் சிஸ்டத்தில் விழுகிறது, ஒரு தடவை ஷெட்யூலரில், ஒரு தடவை உங்கள் டிரைவரிலேயே. ஜேடேக் (சிபியுவை வெளியிலிருந்தே நிறுத்திப் பார்க்கும் வன்பொருள் கருவி) வாங்கினால் பிடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஜேடேக்கைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி வேறு: கர்னல் விழுந்த இடத்தை நம்பலாமா, நம்பக் கூடாதென்றால் எதை வைத்துத் தேடுவது?

பல வருடங்களாக ஆர்ம் போர்டுகளில் டிரைவர் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் டிரைவர் கோடையும் பதிவுகளையும் பார்க்காமல் ‘இதுதான் பிழை’ என்று யாராலும் சொல்ல முடியாது. எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்ல முடியும்.

முதல் வேலை பிழையைத் தேடுவது இல்லை. கர்னல் சாகும்போது சொல்லும் கடைசி வார்த்தைகள் தொலையாமல் பார்த்துக்கொள்வது. சீரியல் கன்சோல் (கர்னலின் செய்திகளை ஒயர் வழியாக வேறொரு கணினிக்கு அனுப்பும் வழி) இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். மூன்று ஒயர் போதும். போர்டின் யுஏஆர்டி (சீரியல் இணைப்பு) 1.8 வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்று சர்க்யூட் வரைபடத்தில் பார்த்த பிறகே கேபிளைச் செருகுங்கள். எதிர்முனையில் இருக்கும் கணினி எல்லாவற்றையும் நேரமுத்திரையோடு ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கட்டும். திரையில் மேலே ஓடிப்போன நாற்பது வரியில்தான் விஷயம் இருந்திருக்கும் என்பது பல தடவை பட்டுத் தெரிந்துகொண்டது.

அதோடு ராம்ஊப்ஸையும் போட்டு வையுங்கள். டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) ராமின் ஒரு சிறு பகுதியை ஒதுக்கிவிட்டால், பேனிக் நேரத்துப் பதிவைக் கர்னல் அங்கே எழுதிவைக்கும். ரீபூட் ஆனதும் பிஸ்டோர் கோப்புறையில் எடுத்துப் படிக்கலாம். சீரியல் கேபிள் இல்லாமல் வெளியிடத்தில் ஓடும் போர்டுகளுக்கு இதுதான் உயிர். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மின்சாரத்தையே துண்டித்தால் ராமில் இருந்தது போய்விடும். வெறும் ரீசெட்டில்கூட, பூட்லோடர் அந்தப் பகுதியை அழித்து எழுதுகிறதா என்பது போர்டுக்குப் போர்டு மாறும். அதனால் நம்புவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். கர்னலுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் சிஸ்ரிக் வசதியில் ‘சி’ கொடுத்தால் கர்னல் வேண்டுமென்றே விழும். அந்தப் பதிவு ரீபூட்டுக்குப் பிறகு கிடைக்கிறதா? கிடைத்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம். சில ரீசெட்களில் ஓரிரு பிட் மாறிப்போய்ப் பதிவு சிதைந்து வரும். ராம்ஊப்ஸிலேயே இருக்கும் பிழைதிருத்தக் குறியீட்டு வசதியைச் செயல்படுத்தினால் அதில் பெரும்பகுதி மீண்டுவிடும்.

வன்பொருள் வாட்ச்டாக் (போர்டு உறைந்தால் தானாக ரீசெட் செய்யும் டைமர்) இருக்கிறதா என்பதையும் இங்கேயே கவனியுங்கள். வழக்கமான அமைப்பில், ஒரு சிபியு கர்னலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டால் சாஃப்ட் லாக்கப் எச்சரிக்கை வர ஏறக்குறைய 20 விநாடி ஆகும். ஆர்சியு (கர்னலின் ஓர் ஒத்திசைவு முறை) ஸ்டால் எச்சரிக்கைக்கு 21 விநாடி. தூங்கிப்போன டாஸ்க்கைப் பற்றிச் சொல்ல 120 விநாடி. உங்கள் வாட்ச்டாக் 10 விநாடியில் போர்டை ரீசெட் செய்கிறதென்றால் இவற்றில் எதுவுமே வாய் திறக்காது. ‘எந்தப் பதிவும் இல்லாமல் தானாக ரீபூட் ஆகிறது’ என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தேடி முடிக்கும்வரை வாட்ச்டாக்கை நிறுத்திவையுங்கள், அல்லது மூன்று நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள்.

சரி, பதிவு கையில் கிடைத்துவிட்டது. முதல் ஊப்ஸை, அதாவது கர்னல் தனக்குள் பிழையைக் கண்டதும் அச்சிடும் அறிக்கையை, மட்டும் நம்புங்கள். ஊப்ஸ் ஆனதும் கர்னல் பெரும்பாலும் அந்த ஒரு டாஸ்க்கைக் கொன்றுவிட்டுத் தொடர்ந்து ஓடும். அந்த டாஸ்க் பிடித்திருந்த லாக் அப்படியே பூட்டிக் கிடக்கும், பாதியில் விட்ட தரவு பாதியிலேயே நிற்கும். அதற்குப் பிறகு வரும் இரண்டாவது, மூன்றாவது ஊப்ஸ் எல்லாம் முதலாவதின் பின்விளைவாக இருக்கலாம். டெயின்ட் வரியில் (கர்னலின் நிலையை எழுத்துகளால் காட்டும் வரி) ‘டி’ (D) என்ற எழுத்து இருந்தால், இதற்கு முன்பே ஒரு ஊப்ஸ் நடந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மேலே போய் முதலாவதைத் தேடுங்கள். ஊப்ஸ் வந்த உடனேயே பேனிக் ஆகும்படி அமைத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது. நீங்கள் சொன்ன மூன்று இடங்களும் மூன்று தனித்தனி ஓட்டங்களின் முதல் ஊப்ஸ்தானா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். கேள்வியிலிருந்து அது எனக்குத் தெளிவாகவில்லை, இனி நான் சொல்லப்போவது பெரும்பாலும் அதைப் பொறுத்தே நிற்கிறது.

அடுத்தது முகவரி. எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸுக்குப் போகும் முன் இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த எண்கள் நிறையப் பேசும். தவறிய முகவரி வெறும் 18 என்று இருந்தால் ஒரு ஸ்ட்ரக்ட் பாயிண்டர் நல் (எதையும் சுட்டாத பூஜ்ஜியம்) ஆக இருந்திருக்கிறது, அதற்குள் ஹெக்ஸில் 18, அதாவது 24 பைட் தள்ளி இருக்கும் உறுப்பைத் தொட்டிருக்கிறீர்கள். பஹோல் என்ற கருவி எந்த ஸ்ட்ரக்டில் எந்த உறுப்பு எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்று காட்டிவிடும். 64 பிட் ஆர்மில் ஊப்ஸ் எண் 96000004 என்று வந்தால் படிக்கும்போது விழுந்தது, 96000044 என்று வந்தால் எழுதும்போது விழுந்தது. ரெஜிஸ்டர்களில் 6பி6பி6பி என்று நீளமாக ஓடினால், ஃப்ரீ செய்த நினைவகத்தைத் தொட்டிருக்கிறீர்கள். ஸ்லப் (கர்னலின் நினைவக ஒதுக்கி) டீபக்கில் பாய்சன் வசதியைச் செயல்படுத்தினால், ஃப்ரீ ஆன இடத்தையெல்லாம் கர்னல் அந்த 6பி-யால் நிரப்பிவைக்கும். அதே முகவரி 6பி83 என்று முடிந்தால் குழம்ப வேண்டாம், 6பி-யோடு 18 கூடினால் ஹெக்ஸில் 83. ஃப்ரீ ஆன ஸ்ட்ரக்டின் உள்ளேயிருந்து ஒரு பாயிண்டரை எடுத்து, அதன் 24ஆவது பைட்டுக்குப் போயிருக்கிறீர்கள். முகவரி ‘டெட்’ என்று ஆங்கில எழுத்தில் தொடங்கி 100 அல்லது 122-இல் முடிந்தால், லிஸ்டிலிருந்து ஏற்கனவே நீக்கிய ஒன்றை மறுபடி நீக்கியிருக்கிறீர்கள், அல்லது நீக்கியதன் வழியாக லிஸ்டில் நடந்திருக்கிறீர்கள். இதெல்லாம் ஊகம் இல்லை, கர்னலே வேண்டுமென்று வைத்திருக்கும் அடையாளங்கள்.

ஃபங்ஷன் பெயருக்குப் பக்கத்தில் வரும் இரண்டு எண்களில் முதலாவது, ஃபங்ஷனின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் உள்ளே என்பது. இரண்டாவது ஃபங்ஷனின் மொத்த நீளம். அதை வரி எண்ணாக மாற்றக் கர்னல் மூலத்திலேயே ஸ்கிரிப்டுகள் உண்டு. ஆனால் போர்டில் ஓடிய அதே பில்டின் விஎம்லினக்ஸும் (கர்னலின் முழு பைனரி) மாட்யூல் கோப்புகளும் டீபக் தகவலோடு உங்களிடம் இருக்க வேண்டும். மறுபடி பில்ட் செய்ததை வைத்துப் பார்த்தால் ஏதோ ஒரு வரியைக் காட்டும், அது தவறான வரியாக இருக்கலாம். தவறு என்று தெரியவும் தெரியாது. போர்டில் ஏற்றும் ஒவ்வொரு பில்டையும் எடுத்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் பிரச்சினைக்கு வருகிறேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால், பிழை பெரும்பாலும் அங்கேயோ அதற்குப் பக்கத்திலேயோ இருக்கும். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழுந்தால், விழும் இடங்களைப் படித்துப் பயனில்லை. யாரோ நினைவகத்தில் தப்பான இடத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள், அந்த வழியாக வந்தவன் தடுக்கி விழுகிறான். ஃபைல் சிஸ்டமும் ஷெட்யூலரும் உங்கள் போர்டில் மட்டும் கெட்டுப்போக வாய்ப்பு மிகக் குறைவு. எழுதியவரைத்தான் தேட வேண்டும். என் கணக்கில் சந்தேகப்பட மூன்று பேர்: உங்கள் டிரைவரின் கோட், டிஎம்ஏ செய்யும் வன்பொருள், போர்டின் ராம்.

டிரைவர் கோடைச் சோதிக்கக் கேசான் என்ற கர்னல் வசதி இருக்கிறது. கம்பைலர் ஒவ்வொரு நினைவக அணுகலுக்கும் முன்னால் ஒரு சோதனையைச் செருகிவிடும். எட்டு பைட்டுக்கு ஒரு நிழல் பைட் என்று கணக்கு வைத்து, ஃப்ரீ ஆன இடத்தையோ எல்லை தாண்டியதையோ தொட்ட அந்த நொடியிலேயே பிடிக்கும். யார் ஒதுக்கியது, யார் ஃப்ரீ செய்தது என்று இரண்டு ஸ்டாக் டிரேஸும் தரும். ராமில் எட்டில் ஒரு பங்கு நிழலுக்கே போகும், வேகமும் கணிசமாகக் குறையும். போர்டில் அதற்கு இடமில்லை என்றால் கேஃபென்ஸ் முயன்று பாருங்கள். அது எல்லா ஒதுக்கீட்டையும் பார்க்காது, அவ்வப்போது ஒன்றை எடுத்துக் காவல் பக்கங்களுக்கு நடுவே வைக்கும். பல போர்டுகளில் பல நாள் ஓடவிட்டால்தான் அதன் பலன் தெரியும். கேசானோடு, லாக்குகளைக் கண்காணிக்கும் லாக்டெப்பையும் சேர்த்துப் போடுங்கள். லாக் வரிசைப் பிழையும், இன்டரப்டில் எடுக்கக் கூடாத லாக்கை எடுத்த பிழையும் உண்மையில் சிக்கிக்கொள்வதற்கு முன்பே தெரிந்துவிடும்.

கேசான் அமைதியாக இருந்தால் கோட் சுத்தம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இந்த இடத்தில் ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு ஈதர்நெட் டிரைவர், உங்களுடையதைப் போலவே வேறு வேறு இடத்தில் விழுந்தது. கேசான் போட்டு மூன்று நாள் ஓட்டினேன், ஒரு வார்த்தை வரவில்லை, ஆனால் விழுவது மட்டும் நிற்கவில்லை. கடைசியில் ஸ்டாக் டிரேஸை விட்டுவிட்டுக் கெட்டுப்போன ஸ்ட்ரக்டின் பைட்டுகளை அப்படியே அச்சிட்டுப் பார்த்தேன். ஆறு பைட் வரிசையாக எஃப்எஃப். அடுத்த ஆறு பைட் அதே நெட்வொர்க்கில் இருந்த இன்னொரு போர்டின் மேக் முகவரி. அதற்கடுத்து 08 06. அதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. 08 06 என்பது ஏஆர்பி (ஒரு ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியைக் கேட்கும்) பாக்கெட்டின் அடையாளம். ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட், ஃபைல் சிஸ்டம் பயன்படுத்திக்கொண்டிருந்த நினைவகத்தின் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. இன்டர்ஃபேஸை மூடும் பாதையில் பஃபர்களை முதலில் ஃப்ரீ செய்துவிட்டு, அப்புறம்தான் டிஎம்ஏ எஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சில மைக்ரோவிநாடி இடைவெளியில் ஒரு பாக்கெட் வந்தால் கதை முடிந்தது. இரண்டு வரிகளை இடம் மாற்றியதும் சரியானது. கேசானால் இதைப் பார்க்க முடியாது. அது சிபியு ஓட்டும் கோடில் செருகிய சோதனை, டிஎம்ஏவோ சிபியுவைக் கேட்காமல் நேராக ராமில் எழுதுகிறது. அதனால் சொல்கிறேன், உங்கள் அடுத்த பேனிக்கில் கெட்டுப்போன இடத்தின் பைட்டுகளைப் படியுங்கள். அங்கே சென்சார் அளவீடுகளைப் போல ஏதாவது தெரிந்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான்.

உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் இந்தப் பக்கம்தான். கியூஎமுவில் ஓடுகிறது, போர்டில் விழுகிறது என்ற ஒன்றே அதற்குக் காரணம், எனவே இதை உறுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கியூஎமுவில் டிஎம்ஏவுக்கும் சிபியு கேஷுக்கும் (ராமின் நகலை வைத்திருக்கும் வேக நினைவகம்) முரண்பாடே வராது. பல ஆர்ம் போர்டுகளில் டிஎம்ஏ கேஷைப் பார்க்காமல் எழுதும், டிரைவர்தான் மேப், சிங்க் அழைப்புகளால் கேஷைச் சரிக்கட்ட வேண்டும். டிஎம்ஏ பஃபரைத் தனியாக ஒதுக்காமல் ஒரு ஸ்ட்ரக்டின் உள்ளே உறுப்பாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். 64 பைட் கேஷ் லைன் ஒன்றில் பஃபரின் கடைசிப் பகுதியும் பக்கத்து வேரியபிளும் சேர்ந்து உட்கார்ந்தால், சிபியு அந்த வேரியபிளை எழுதும்போது பழைய லைன் முழுவதும் ராமுக்குப் போய், டிஎம்ஏ எழுதியதை அழிக்கலாம். தலைகீழாக, கேஷை இன்வேலிடேட் செய்யும்போது அந்த வேரியபிளின் புது மதிப்பு தொலையலாம். எக்ஸ்86-இல் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது. கர்னலின் டிஎம்ஏ டீபக் வசதியைச் செயல்படுத்துங்கள், மேப் செய்த அளவும் அன்மேப் செய்த அளவும் பொருந்தாவிட்டால் அது கத்தும். போர்டில் ஐஓஎம்எம்யு (சாதனங்கள் தொடும் முகவரிகளைக் கட்டுப்படுத்தும் வன்பொருள்) இருந்து, உங்கள் சாதனம் அதன் வழியாகப் போகிறதென்றால் அதையும் கண்டிப்பான நிலையில் இயக்குங்கள். அன்மேப் ஆன முகவரியில் சாதனம் எழுத முயன்றால் நினைவகம் கெடாது, முகவரியோடு ஒரு ஃபால்ட் பதிவாகும். ஈதர்நெட் கதையில் அது இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

ரிமூவ் பாதையையும் (டிரைவரைக் கழற்றும்போது ஓடும் கோட்) பிழை வந்தால் திரும்பும் பாதைகளையும் ஒரு தடவை பேப்பரில் எழுதிப் பாருங்கள். சாதனத்தின் இன்டரப்டை அணை, டிஎம்ஏவை நிறுத்து, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திரு, டைமரையும் வொர்க்கையும் ரத்துசெய், அதற்குப் பிறகே ஃப்ரீ. டெவ்எம் வகை (கர்னலே பின்னால் தானாக விடுவிக்கும்) அழைப்பால் இன்டரப்டைப் பதிந்துவிட்டு, ரிமூவில் பஃபரை மட்டும் கையால் ஃப்ரீ செய்தால் வம்பு, ஏனென்றால் ரிமூவ் முடிந்த பிறகுதான் அந்த இன்டரப்ட் விடுவிக்கப்படும். நடுவில் ஒன்று வந்தால் ஹேண்ட்லர் ஃப்ரீ ஆன பஃபரைத் தொடும்.

மூன்றாவது சந்தேக நபர் ராம். இதைக் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் டிரைவர் எழுதும் எல்லாருக்கும் வன்பொருள்மேல் பழிபோடும் ஆசை வரும், பெரும்பாலும் அது தப்பாகிவிடும். ஆனால் அடையாளம் தெளிவாக இருந்தால் ஒதுக்கவும் கூடாது. கெட்டுப்போன பாயிண்டரும் இருக்க வேண்டிய பாயிண்டரும் ஒரே ஒரு பிட்டில் மட்டும் வேறுபடுகிறதா? ஒரே சாஃப்ட்வேர் பத்துப் போர்டில் ஓட, ஒரு போர்டு மட்டும் விழுகிறதா? சூடானால் அதிகம் விழுகிறதா? அப்படியென்றால் உங்கள் டிரைவரை ஏற்றாமலேயே நினைவகச் சோதனையை ஓர் இரவு முழுக்க ஓட்டுங்கள், ராம் அதிர்வெண்ணைக் குறைத்தும் ஒரு தடவை ஓட்டுங்கள். சோதனையில் பிழை வந்தால் அது உறுதி. வராவிட்டால் ராம் நல்லது என்று நிரூபணம் ஆகாது, சந்தேகம் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

பதிவில் எஸ்எரர் என்று வந்தால் ஸ்டாக் டிரேஸை வேறு விதமாகப் படிக்க வேண்டும். அது பொதுவாக உடனே வராது, சற்றுத் தாமதமாக வரும் பிழை. கிளாக் அணைந்திருக்கும் ஒரு வன்பொருள் தொகுதியின் ரெஜிஸ்டரில் எழுதினால் சிபியு முன்னே போய்க்கொண்டே இருக்கும், பஸ்ஸிலிருந்து பிழை பின்னால் வந்து சேரும். அதனால் பிசி (சிபியு ஓட்டிக்கொண்டிருந்த இடத்தின் முகவரி) காட்டும் வரி நிரபராதியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குச் சற்று முன்னால் எந்த ரெஜிஸ்டரைத் தொட்டீர்கள் என்று பாருங்கள், குறிப்பாகப் பவர் மேனேஜ்மென்ட் சாதனத்தைத் தூங்கவைத்த பிறகு ஓடும் கோடில். சில சிப்களில் எஸ்எரர்கூட வராது, பஸ்ஸே உறைந்து போர்டு மூச்சில்லாமல் நின்றுவிடும்.

தேடும்போது வழியெல்லாம் பிரிண்ட்கே (கர்னல் பதிவில் ஒரு வரி எழுதும் அழைப்பு) போடுவதில் ஓர் ஆபத்து உண்டு. 115200 பாட் வேகத்தில் சீரியல் ஒரு விநாடிக்கு 11,520 எழுத்துகளைத்தான் அனுப்பும். 80 எழுத்து வரி ஒன்றுக்கு ஏழு மில்லிவிநாடி. மைக்ரோவிநாடிக் கணக்கில் நடக்கும் போட்டியைத் தேடும்போது ஒரு வரி பிரிண்ட்கே போட்டதும் பிழை மறைந்துவிடும், ‘சரியாகிவிட்டது’ என்று தோன்றும். அப்படி மறைந்தால் அதையே ஒரு தடயமாக எடுத்துக்கொள்ளுங்கள், நேரம் சார்ந்த பிழை என்று ஓரளவு நம்பலாம். பதிலாக எஃப்டிரேஸ் என்ற கர்னல் தடமறியும் கருவியின் பஃபரில் எழுதுங்கள், அது ராமில் எழுதுவதால் செலவு மிகக் குறைவு. ஊப்ஸ் வந்தால் அந்தப் பஃபரைக் கொட்டும்படியும் அமைக்கலாம், ஆனால் பஃபரைச் சிறிதாக வையுங்கள், இல்லையென்றால் சீரியலில் கொட்டி முடிக்கவே வெகுநேரம் ஆகும்.

இப்போது ஜேடேக். உங்கள் பிரச்சினைக்கு அதை இப்போதே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. நினைவகம் கெட்டது எப்போதோ, விழுந்தது இப்போது. விழுந்த பிறகு சிபியுவை நிறுத்திப் பார்ப்பதால் கெடுத்தவன் கிடைக்கமாட்டான். கெடும் முகவரி ஒவ்வொரு தடவையும் அதே முகவரி என்று தெரிந்தால் வன்பொருள் வாட்ச்பாயிண்ட் (அந்த முகவரியில் எழுதினால் சிபியுவை நிறுத்தும் பொறி) வைத்துப் பிடிக்கலாம், அதிலும் டிஎம்ஏ எழுதியது சிக்காது, சிபியு எழுதியதுதான் சிக்கும். பேனிக்கே இல்லாமல், சிஸ்ரிக்குக்கும் பதில் சொல்லாமல் போர்டு உறைந்துபோனால் அங்கேதான் ஜேடேக்கின் மதிப்பு தெரியும். கோர்களை நிறுத்தி ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு கோர் மட்டும் நிற்கவே மறுத்தால், அது பஸ்ஸின் பதிலுக்காகக் காத்துக் கிடக்கிறது என்று சந்தேகிக்க நல்ல காரணம் கிடைக்கிறது, மறுபடி கிளாக் பக்கம் போங்கள். ஜேடேக் இல்லாதவர்கள் சந்தேகமான இடங்களில் ஒரு ஜிபிஐஓ (பொதுப் பயன்) பின்னை ஏற்றி இறக்கி, லாஜிக் அனலைசரில் கடைசியாக எது ஏறியது என்று பார்க்கலாம். கேடம்ப் (விழுந்ததும் இரண்டாவது கர்னலை ஓட்டி நினைவகத்தைச் சேமிக்கும் வசதி) நல்ல கருவிதான், ஆனால் இரண்டாவது கர்னலுக்கென்று ராமை ஒதுக்கிவைக்க வேண்டும், 256 எம்பி போர்டில் அது கட்டுப்படியாகாது. நான் சொன்னதெல்லாம் 64 பிட் ஆர்மில் லினக்ஸ் ஓட்டிக் கற்றது, எண்களையும் அடையாளங்களையும் மற்றக் கட்டமைப்புகளில் அப்படியே தேடாதீர்கள்.

ராம்ஊப்ஸ், ஸ்லப் பாய்சன், டிஎம்ஏ டீபக், ஊப்ஸில் உடனே பேனிக் ஆகிய நான்கையும் போட்டு ஒரு பில்டைத் தயார்செய்து இன்றிரவே ஓடவிடுங்கள். கேசானுக்கு இடமிருந்தால் அது தனி பில்டாக இரண்டாவது போர்டில் ஓடட்டும். விழுந்ததும் முதல் ஊப்ஸ் முழுவதையும், ரெஜிஸ்டர் வரிகளை வெட்டாமல், கெட்டுப்போன பாயிண்டரைச் சுற்றியுள்ள 256 பைட்டையும், உங்கள் டிரைவரில் டிஎம்ஏ பஃபரை ஒதுக்கும் இடத்தையும் ரிமூவ் ஃபங்ஷனையும் இங்கே போடுங்கள். பஃபர் ஸ்ட்ரக்டின் உள்ளே இருக்கிறதா என்பதை மட்டும் இப்போதே பார்த்துச் சொல்ல முடிந்தால், அதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும்.